90 நாள் சீட்டும் சயாம் ரயிலும்

பாங்காக்குக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. விசா, வேலை அனுமதி, 90 நாளைக்கு ஒருமுறை முகவரி சொல்லி வாங்கும் சீட்டு என்று பாதி வாழ்க்கை காகிதத்திலேயே ஓடுகிறது. அலுவலகத்தில் அதைச் சொல்லிப் புலம்பியபோதுதான் மலேசியாவின் ஈப்போ ஊர்க்காரத் தம்பி சொன்னான்: "எங்க கொள்ளுத் தாத்தா ஒரு காகிதமும் இல்லாம இங்க வந்தவர்ண்ணே." இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு. ரப்பர் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிப்போனார்களாம். திரும்பவில்லை.

அந்தச் சனிக்கிழமையே தொன்புரியில் காலை ரயிலைப் பிடித்தேன். நோங் பிளாதுக்கில் தடம் பிரிகிறது. அங்கிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். பர்மாவுக்குப் போகும் கடல்வழியில் நேசநாட்டு நீர்மூழ்கிகளின் தொல்லை என்று ஜப்பானியர் 1942-ல் தொடங்கி, 1943 அக்டோபரில் முடித்தார்கள். வழியில் இந்தத் தடத்தின் குவாய் ஆற்றுப் பாலத்தில் ஒரே செல்ஃபிக் கூட்டம். தடம் இப்போது 'நாம் தோக்' என்ற ஊரோடு சரி. அப்புறம் வேன்தான்.

ரயிலுக்காக மலையை வெட்டிய இடம் ஹெல்ஃபயர் பாஸ், 'நரக நெருப்புக் கணவாய்'. அங்கே ஆஸ்திரேலிய அரசு நடத்தும் நினைவு மையத்துக்குக் கட்டணம் இல்லை. படியிறங்கினால் மூங்கில் காடு. அதைத் தாண்டினால் மலையை இரண்டாகப் பிளந்த பாறைச் சுவர்கள். சம்மட்டியும் உளியும் கொண்டு, இரவிலும் தீப்பந்த வெளிச்சத்தில் குடைந்திருக்கிறார்கள். பெயரே அந்த வெளிச்சத்தால் வந்ததுதான். சுவரில் ஒரு துளைக்குள் உடைந்துபோன துளையிடும் கம்பி இன்னும் சிக்கிக் கிடக்கிறது. யாரோ எடுக்க முயன்று, திட்டு வாங்கி, விட்டுப்போயிருப்பார்கள் என்று தோன்றியது.

இந்தத் தடத்தில் ஜப்பானியர் வேலை வாங்கிய நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல்; இறந்தவர்கள் 12,000-க்கும் அதிகம். காஞ்சனபுரி கல்லறையில் அவர்களுக்கு வரிசை வரிசையாகப் பெயர்ப்பலகைகள். அவர்களோடு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், ஒளித்துவைத்தாவது பட்டியல் எழுதினார்கள். கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட மலாயாத் தமிழர், பர்மியர், ஜாவாக்காரர்களுக்கு யார் எழுதுவது? காலரா வந்தால் முகாமே காலி. இந்தக் கூலிகளில் இறந்தவர்கள் சுமார் 90,000 என்கிறார்கள். அந்தச் 'சுமார்' என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன்.

இரவு தம்பிக்கு அந்தக் கம்பியின் படத்தை அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"பேர் ஏதாவது இருந்துச்சாண்ணே?"

"இல்லடா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "படி நிறையவா? அம்மாவுக்கு மூட்டுவலி, ஆனா வரணும்னு சொல்றாங்க" என்றான்.