சாரல் பிடித்தால் மட்டும் எரிந்த எச்சரிக்கை விளக்கு

புது ஹைபிரிட் கார் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்து ‘ஹைபிரிட் சிஸ்டத்தைப் பரிசோதிக்கவும்’ என்று வந்தால் யாருக்கும் வயிறு கலங்கும். சர்வீஸ் சென்டரில் சரிசெய்துவிட்டோம் என்று சொல்லி அனுப்பிய பிறகும் அது திரும்பத் திரும்ப வந்தால் என்ன செய்வது? எனக்கு அப்படித்தான் நடந்தது. கடைசியில் தீர்ந்தும்விட்டது. இதே தொல்லையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவட்டும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

எனக்கு வீடும் வேலையும் பாளையங்கோட்டையில். அம்மா இருப்பது குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலஞ்சியில். சனிக்கிழமை போய் ஞாயிறு தங்கி, திங்கள் விடியற்காலையில் ஆலங்குளம் வழியாகத் திரும்புவேன். விளக்கு முதன்முதலில் வந்தது ஆனி மாதத்தில், அப்படி ஒரு திங்கட்கிழமை. வண்டி ஓடுவதில் எந்த வித்தியாசமும் இல்லை. மைலேஜும் குறையவில்லை. நேராக சர்வீஸ் சென்டருக்கே ஓட்டிப் போனேன். ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, கோளாறு வந்தால் வண்டி தனக்குள் பதிந்துகொள்ளும் பிழைக் குறியீட்டை, அதாவது ‘கோடை’, அழித்து, “ஒண்ணுமில்ல மேடம், சென்சார் ஏதோ தப்பா காட்டியிருக்கு” என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் மறுபடி வந்தது. இந்தத் தடவை பன்னிரண்டு வோல்ட் பேட்டரியைச் சோதித்தார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஹைபிரிட் வண்டியில் பெரிய பேட்டரி தனியாக இருந்தாலும், கம்ப்யூட்டர்களுக்கு மின்சாரம் கொடுப்பது அந்தச் சின்ன பேட்டரிதான். அது சோர்ந்தால் சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் எரியும். அதை மாற்றினார்கள். அடுத்த முறை சாஃப்ட்வேரைப் புதுப்பித்தார்கள். அதற்கடுத்து, எலி கடித்திருக்கும் என்று பானெட்டைத் திறந்து தேடினார்கள். ஒவ்வொரு தடவையும் கோடு அழிக்கப்பட்டது, வண்டி கழுவித் தரப்பட்டது, ஜாப் கார்டில் ‘சரிசெய்யப்பட்டது’ என்று ஒரு வரி எழுதப்பட்டது. காரணம் என்ன என்று எங்கேயும் எழுதப்படவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விளக்கு அணைந்துவிட்டது என்பதும் கோளாறு தீர்ந்துவிட்டது என்பதும் வேறு வேறு. பொதுவாக ஓபிடி முறையில் (வண்டி தன் கோளாறைத் தானே கண்டறியும் ஏற்பாடு), ஒரு கோளாறு அடுத்தடுத்து மூன்று ஓட்டங்களில் தென்படவில்லை என்றால் எச்சரிக்கை விளக்கு தானாகவே அணையும். ஆனால் உள்ளே குறிப்பு தங்கியிருக்கும். அந்தக் குறிப்போடு ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்று ஒரு பதிவும் இருக்கும். கோளாறு நடந்த நொடியில் வேகம் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு என்பதையெல்லாம் அது பிடித்து வைத்திருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். கண்டுபிடிக்க உதவும் ஒரே தடயத்தை ஒவ்வொரு தடவையும் துடைத்துவிட்டு, ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இது புரிந்தபோது எனக்குக் கோபம் வந்தது.

அதன் பிறகு விளக்கு வரும்போதெல்லாம் மீட்டரை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். கூடவே நேரம், வெளியே வெப்பநிலை, மழையா வெயிலா, ஏசி ஓடியதா, இரவு வண்டி எங்கே நின்றது என்று ஒரு நோட்டில் எழுதினேன். ஆடி முடிவதற்குள் படம் தெளிவாகிவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு நாள்கூட வரவில்லை. இலஞ்சியில் இரவெல்லாம் சாரல் அடித்து, வண்டி வெட்டவெளியில் நின்ற மறுநாள் காலையில் மட்டும், ஏசி போட்ட கொஞ்ச நேரத்தில் வந்தது.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று குற்றாலம், தென்காசி, இலஞ்சியை நனைத்துக்கொண்டிருக்கும்போது, ஆலங்குளம் தாண்டினால் வறட்டுக் காற்று மண்ணை வாரி அடிக்கும். திருநெல்வேலிக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஈரத்தில் கோளாறு காட்டும் வண்டியை, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இன்ஜின் சூட்டிலும் அனல்காற்றிலும் காயவைத்து, பாளையங்கோட்டையில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். அங்கே எப்படித் தெரியும்?

பக்கத்து வீட்டு அண்ணாச்சி மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நோட்டைக் காட்டினேன். படித்துவிட்டு உடனே சொன்னார்: “இது லீக்கேஜ் தாயி. மழ நாள்ல தோட்டத்து மோட்டார் ரூம்ல டிரிப் ஆகும்லா, அதே கததான். காஞ்சுட்டுன்னா ஒண்ணும் தெரியாது. மெக்கர் வச்சுப் பாக்கச் சொல்லு.”

மெக்கர் என்பது மின்கசிவைத் தடுக்கும் உறையான இன்சுலேஷன் எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் கருவி. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மெயில் எழுதினேன். போட்டோக்கள், நோட்டின் பக்கங்கள், எல்லா ஜாப் கார்டு நகல்களையும் இணைத்தேன். கேட்டது மூன்றே விஷயம். விளக்கு எரியும் நிலையில், ஈரம் காயும் முன்பே வண்டியைப் பார்க்க வேண்டும். கோடை அழிக்கும் முன் முழு ஸ்கேன் ரிப்போர்ட்டின் பிரதி எனக்கு வேண்டும். உயர் மின்னழுத்தப் பகுதியின் இன்சுலேஷனை அளந்து எழுதித் தர வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றும் எழுதினேன். மிரட்டுவதற்காக எழுதவில்லை, போகத்தான் இருந்தேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

பதில் வந்தது. அடுத்த சாரல் காலையில் டெக்னீஷியன் தம்பி ஒருவர் ஸ்கேனரோடு இலஞ்சி வீட்டுக்கே வந்தார். ஏசியைப் போட்டோம், விளக்கு வந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். “யக்கா, இத இப்பத்தான் நேர்ல பாக்கேன்” என்றார். கோடு பி0ஏஏ6. உயர் மின்னழுத்த இன்சுலேஷன் கோளாறு. அதோடு வரும் துணைக்கோடு ஏசி கம்ப்ரசர் பக்கம் கை காட்டியது. ஹைபிரிட்டில் கம்ப்ரசர் பெல்ட்டில் ஓடுவதில்லை, பெரிய பேட்டரியின் மின்சாரத்தில்தான் ஓடுகிறது.

இதை ஏன் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது? பெரிய பேட்டரியின் பிளஸ், மைனஸ் இரண்டுமே வண்டியின் பாடியைத் தொடாமல் தனித்து இருக்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். ஒரு இடத்தில் கசிந்தால் ஷாக் அடிக்காது, சுற்று முழுமையாகாது. இன்னொரு இடத்திலும் கசிந்தால்தான் ஆபத்து. அதனால்தான் முதல் கசிவிலேயே கம்ப்யூட்டர் எச்சரிக்கிறது. அதாவது அந்த விளக்கு முதலில் இருந்தே சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி. ‘சென்சார் தப்பா காட்டுது’ என்று அதை ஒதுக்கியதை என்னால் இன்றைக்கும் ஏற்க முடியவில்லை.

தம்பி வண்டியை ஓட்டிப்போக விடவில்லை, ஓட்டினால் காய்ந்துவிடும் என்றார். நல்ல முடிவு. நாலு சக்கரமும் மேலே இருக்கும் பிளாட்பெட் லாரி வந்தது. இந்த மாதிரி வண்டியை, ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளும்படி கட்டி இழுக்கக் கூடாது. உள்ளே மோட்டாரும் சேர்ந்து சுழன்று மின்சாரம் உண்டாக்கும்.

பட்டறையில் பக்கத்திலேயே நின்றேன். ரப்பர் கையுறை போட்டு, பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்குவதற்காகக் காத்திருந்து, அப்புறம்தான் உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிளில் கை வைத்தார்கள். (ரோட்டோர மெக்கானிக் யாரையும் அந்த ஆரஞ்சு கேபிளைத் தொட விடாதீர்கள். சின்ன பேட்டரியைக் கழற்றிவிட்டால் மட்டும் போதாது.) மெக்கரில், மெகா ஓம் கணக்கில் இருக்க வேண்டிய இன்சுலேஷன் மின்தடை கிலோ ஓமுக்கு இறங்கியிருந்தது. கம்ப்ரசர் பக்கத்துக் கனெக்டரைத் திறந்தால் ரப்பர் சீல் ஒரு ஓரத்தில் மடங்கி உட்கார்ந்திருக்கிறது. உள்ளே உலோகப் பின்னில் பச்சையாகக் களிம்பு. தயாரித்த இடத்திலேயே சரியாகப் பொருத்தப்படவில்லை என்று ஏரியா இன்ஜினியர் ஒப்புக்கொண்டார்.

கேபிள் வர நாளாயிற்று. அதுவரை மாற்று வண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன். கேபிளை வாரண்டியிலேயே மாற்றினார்கள். மாற்றிய பிறகு கம்ப்ரசர் பக்கம் தண்ணீர் தெளித்து மறுபடி அளக்கச் சொன்னேன், அளந்தார்கள், மெகா ஓம் நின்றது. ஜாப் கார்டில் இந்த முறை காரணம், மாற்றிய பாகத்தின் எண், முன்னும் பின்னும் எடுத்த அளவு எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவியை வாங்கினேன். பெரிய பேட்டரிக்கு நீண்ட கால வாரண்டி உண்டு. ஆனால் கேபிள், கம்ப்ரசர் எல்லாம் வண்டியின் சாதாரண வாரண்டிக்குள்தான் வரும் என்றார்கள். அந்தக் காலம் முடிந்த பிறகு இதே இடத்தில் ஏதாவது வந்தால், பழைய கோளாறின் தொடர்ச்சி என்று காட்ட இந்தத் தாள்தான் ஆதாரம்.

ஆவணிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் இலஞ்சியில் வெட்டவெளியில்தான் நிறுத்தினேன். விளக்கு வரவில்லை. ஒவ்வொரு சர்வீசிலும் இன்சுலேஷன் அளவை எடுத்து எழுதித் தரச் சொல்கிறேன், தருகிறார்கள்.