பீக்கோ ட்ரெயிலும் அலுமாரிச் சப்பாத்தும்

வெள்ளவத்தையில் எட்டுப் பேர் சேர்ந்து பீக்கோ ட்ரெயில் நடக்க வட்ஸ்அப் குழு தொடங்கினால், விடிய கோட்டை ஸ்டேஷனுக்கு வந்து சேர்வது மூன்று பேர். மிச்சம் ஐந்து பேரும் கட்டிலில் கிடந்தபடி காலநிலை அறிக்கை அனுப்புவார்கள்.

கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று மலைநாட்டை வளைத்து நுவரெலியாவில் முடிகிற பாதை. 22 கட்டம், 300 கிலோமீட்டருக்கு மேல். பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகள்தான், ஏற்றம் நெஞ்சைப் பிளக்காது. கொழும்பார் பயப்படுவது சிறுத்தைக்கு. கவிழ்ப்பதோ சப்பாத்து.

ஐந்து வருடத்துக்கு முன் வாங்கி இரண்டே தடவை போட்டது, பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். ஆனால் அடியில் உள்ள பொலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் நுரை கொழும்பு ஈரக்காற்றில் உள்ளுக்குள்ளேயே உக்கிவிடும். முதல் கட்டத்தில், கலஹா வருவதற்கு முன்பே குதிப்பக்கம் வாயைத் திறக்கும். கம் பூசிப் பயனில்லை, ஒட்டுவதற்கு அங்கே மாவுதான் மிச்சம். நாலு கேபிள் டையால் இறுக்கலாம். பூட்டு மேல்பக்கம் வரவேண்டும், கீழே வந்தால் கல்லில் தேய்ந்து அறும். ஒரு கிழமைக்கு முன்பே பெருவிரலால் அடியை அமத்திப் பாருங்கள். வெடித்தால் குப்பைக்கு.

கால் நகத்தையும் வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் கறுப்பது அதுதான்.

அட்டைக்கு ஆளுக்கொரு வைத்தியம். உப்பு, லைட்டர் இரண்டும் வேண்டாம். குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். மெல்லிய முனைப் பக்கம் நகத்தைக் கொடுத்து நெம்பினால் போதும். இரத்தம் அரை மணித்தியாலம் கசியும், உறையாமல் இருக்க அது ஒரு பதார்த்தத்தை விட்டுத்தான் கடிக்கிறது. களிசான் நுனியை மேஸுக்குள் விட்டு, மேஸின் மேல் ஈரச் சவர்க்காரம் தேய்த்தால் ஏறாது. மழை பிடித்தால் கால் நுரைக்கும், வெட்கப்படாமல் திரும்பத் தேயுங்கள்.

எந்த மாதம் போவது என்ற சண்டை குழுவில் முடியவே முடியாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன் பக்கத்தை ஊறப்போடும், ஹப்புத்தளை, எல்ல இருக்கிற ஊவா காய்ந்து கிடக்கும். டிசம்பரில் ஊவா நனையும். ஹட்டனுக்கு பெப்ரவரி, ஹப்புத்தளைக்கு ஜூலை என்று இரண்டு லீவாகப் பிரிப்பதுதான் புத்தி.

கொழுந்து பறிக்கிற அக்காவிடம் "டவுனுக்கு எவ்வளவு தூரம்?" என்றால், "இந்தா, அந்த முடக்கத் தாண்டினா வந்துரும் தம்பி" என்பார். கொழும்புக் காலுக்கு அது ஒரு மணித்தியாலம். கொழுந்து மூட்டையோடு அவரே உங்களை முந்தினால், பேசாமல் வழிவிடுங்கள்.