ஒரு மூச்சுக்கு எத்தனை மில்லி: ஐசியு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வேறொரு மருத்துவமனையிலிருந்து மதியம் ஒரு அம்மாவைக் கொண்டுவந்தார்கள். நிமோனியா முற்றி ஏஆர்டிஎஸ் ஆகிவிட்டது, அதாவது இரண்டு நுரையீரலும் அழற்சியில் நீர் கோத்து, ஆக்சிஜன் ஏறாத நிலை. டியூப் போட்டே அனுப்பியிருந்தார்கள். கூட வந்த தாளில் எடை 76 கிலோ என்று இருந்தது, உயரம் எழுதவில்லை. வென்டிலேட்டரில் ஒரு மூச்சுக்கு 450 மில்லி.

சிஸ்டரிடம் டேப் கேட்டேன். கட்டிலைச் சமமாக்கி, உச்சந்தலையில் அவர் பிடித்துக்கொள்ள, வீங்கியிருந்த பாதத்தை நிமிர்த்திக் குதிகால் வரை இழுத்தேன். 149 சென்டிமீட்டர். உடம்பு பருத்தாலும் நுரையீரல் பருக்காது. அதன் அளவு உயரத்தோடுதான் போகும். அந்த அளவு உயரமுள்ள பெண்ணுக்குக் கணக்கில் வரும் எடை 42 கிலோ சொச்சம். கிலோவுக்கு 6 மில்லி என்றால் 250 போதும். போய்க்கொண்டிருந்தது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மூச்சு உள்ளே போய் முடிந்ததும் ஹோல்டு பட்டனை அழுத்தினேன். திரையில் அழுத்தக் கோடு சற்று இறங்கி 36 சென்டிமீட்டர் நீரில் நின்றது; காற்று ஓடாமல் நிற்கும்போது நுரையீரலுக்குள் இருக்கும் அழுத்தம். 30-ஐத் தாண்டவே விடக்கூடாத எண் அது. மூச்சை 250 மில்லிக்குக் குறைத்து, பீப்பை (மூச்சை விட்டு முடித்த பிறகும் காற்றறைகள் மூடிக்கொள்ளாமல் பிடித்துவைக்கும் அழுத்தம்) 10 ஆக்கியதும் அது 26.

ஆகஸ்ட் 7, புதன்

ஆக்சிஜன் அளவு 95-இலிருந்து 90-க்கு வந்துவிட்டது, கார்பன் டை ஆக்சைடும் ஏறுகிறது. "மேடம், நேற்று நன்றாகத்தானே இருந்தது, பழையபடி கூட்டிவிடலாமா?" என்று பயிற்சி மருத்துவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவின் ஏஆர்டிஎஸ் நெட்வொர்க் ஆய்வு 2000-இல் வெளிவந்தது. 861 நோயாளிகள்; பாதிப் பேருக்குக் கிலோவுக்கு 12 மில்லி, மற்றவர்களுக்கு 6. முதல் நாட்களில் ஆக்சிஜன் நன்றாக இருந்தது 12 மில்லிக்காரர்களுக்குத்தான். ஆனால் அவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மில்லியில் 31 சதவீதம். இதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கார்பன் டை ஆக்சைடு வெளியேற, நிமிடத்துக்கு மூச்சு எண்ணிக்கையை 28 ஆக்கினோம். ரத்தத்தின் பிஎச் 7.25, கொஞ்சம் அமிலப் பக்கம். பொறுத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நைட் டியூட்டி. இந்தத் துறையின் எலி ஆய்வுகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1974-இல் வெப், டியர்னி இருவரும் நல்ல நுரையீரல் கொண்ட எலிகளுக்கு 45 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில், பீப் இல்லாமல் காற்று செலுத்தினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. 10 பீப் வைத்த எலிகள் பெரும்பாலும் தப்பின. 1988-இல் ட்ரெஃபஸ் குழு எலிகளின் மார்பை இறுக்கக் கட்டிவிட்டு அதே உயர் அழுத்தம் கொடுத்தது. நுரையீரல் விரிய இடமில்லாததால் அந்தக் காயம் இல்லை. அழுத்தத்தைவிட, அளவுக்கு மீறி விரிவதுதான் கெடுக்கிறது.

பிறகு 1997-இல் ட்ரெம்ப்ளே, ஸ்லட்ஸ்கி குழு. இழுபடும் செல்களும், ஒவ்வொரு மூச்சிலும் மூடித் திறக்கும் காற்றறைகளும் அழற்சியைக் கிளப்பும் சைட்டோகைன்களைக் கொட்டுகின்றன என்று காட்டினார்கள். 'பயோட்ராமா' என்ற பெயர் அதற்கு அடுத்த ஆண்டு வந்தது.

ஆகஸ்ட் 12, திங்கள்

குப்புறப் படுக்க வைத்து 16 மணி நேரம் விட்டோம். முதுகுப் பக்கம் அமுங்கிக் கிடந்த பகுதி திறந்துகொள்ளும், காற்றும் பரவலாகப் போகும். ஆக்சிஜன் ஏறியது.

கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் மட்டும் கூடியிருக்கிறது. "நெஞ்சு சளிக்குத்தானே சேர்த்தோம் மேடம், கிட்னி ஏன் கெடுது?" என்று மகன் கேட்டார். கிருமித் தொற்றே முதல் காரணம் என்றேன். புண்ணான நுரையீரலிலிருந்து அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் கசிந்து மற்ற உறுப்புகளுக்கும் போகும், அதை மெஷின் கூட்டிவிடக் கூடாது என்பதால்தான் காற்றைக் குறைத்து வைத்திருக்கிறோம் என்றும் சொன்னேன். ஏஆர்டிஎஸ்ஸில் ஆக்சிஜன் கிடைக்காமல் இறப்பவர்களைவிட, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து இறப்பவர்களே அதிகம். இதை அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கிரியேட்டினின் இறங்குகிறது. மயக்க மருந்தைக் குறைத்ததும் அம்மா தானாக மூச்சிழுக்கிறார், கழுத்துத் தசைகள் புடைக்கும் அளவுக்கு. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு நிம்மதி இல்லை. மெஷின் தள்ளினாலும் அவரே இழுத்தாலும் நுரையீரலுக்கு இழுவை ஒன்றுதான். திரையில் மூச்சுக்கு 480 மில்லி காட்டுகிறது. மருந்தைச் சற்றுக் கூட்டச் சொல்லிவிட்டேன். டியூப் எடுப்பதை நாளை காலை ரவுண்ட்ஸில் பேசலாம்.