பூட் பார்டிஷன் நிரம்பி இரண்டு நாள் பட்ட பாடு

என் கம்ப்யூட்டரில் டெபியன் லினக்ஸை 11-இலிருந்து 12-க்கு மேம்படுத்தும் வேலை ராத்திரியே முடிந்துவிட்டது. ரீபூட் செய்தால் கறுப்புத் திரையில் கர்னல் பேனிக் (இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் மேற்கொண்டு ஓட முடியாமல் நிற்பது). ரூட்டை (சிஸ்டம் கோப்புகள் இருக்கும் டிஸ்க் பகுதியை) மவுண்ட் செய்ய, அதாவது இணைக்க முடியவில்லை, அன்னோன் பிளாக் 0,0 என்று ஒரு வரி. அத்தோடு நின்றுவிட்டது, கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் மின்னிக்கொண்டே இருந்தது.

டிஸ்க் போய்விட்டது என்றே நினைத்தேன். அப்பா எடுத்த பழைய படங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தது அதில்தான். மறுநாள் அரை நாள் லீவு போட்டுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த தம்பி ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "லினக்ஸ்னா இப்படித்தான் சார், ஃபார்மட் பண்ணிடலாம்." டேட்டா? "அது போயிடும்." வயிறு கலங்கிவிட்டது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். யார் அப்படிச் சொன்னாலும் தயவுசெய்து உடனே தலையாட்டாதீர்கள்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது: கிரப் மெனு (எந்தக் கர்னலை ஏற்றுவது என்று தேர்ந்தெடுக்கும் திரை) வருகிறது, கர்னலும் ஏறுகிறது. இரண்டும் அதே டிஸ்கில்தானே இருக்கின்றன? மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போய்ப் பழைய 5.10 கர்னலைத் தேர்ந்தெடுத்தேன். லாகின் திரை வந்தது! படங்கள் அத்தனையும் இருந்தன.

அப்புறம் பார்த்தால் பூட் பார்டிஷன் (கர்னல்களை வைக்கும் தனி டிஸ்க் பகுதி) 100% நிரம்பியிருக்கிறது. பல வருடம் முன்பு அதற்கு நான் ஒதுக்கியது 236 எம்பி. பழைய கர்னல்கள் மூன்று அடைத்துக்கொண்டிருந்தன. புது 6.1 கர்னல் எப்படியோ நுழைந்துவிட்டது, அதன் இனிட்ராம்எஃப்எஸ் கோப்புக்கு இடமில்லை. டிஸ்கை அடையாளம் காணும் டிரைவர்கள் அந்தக் கோப்பில்தான் இருக்கும். அது இல்லாமல் கர்னலுக்கு டிஸ்கே தெரியாது. 'இடமில்லை' என்ற வரி, மென்பொருள்களை நிறுவும், நீக்கும் கருவியான ஏபிடியின் பதிவுக் கோப்பில் அப்படியே கிடந்தது. மேம்படுத்தும்போது ஓடிய நூற்றுக்கணக்கான வரிகளில் கவனிக்கவில்லை.

பழைய கர்னலை நீக்கவும் ஏபிடி மறுத்தது, பாதியில் நின்ற பொதியை (மென்பொருள் தொகுப்பை) முதலில் முடிக்கச் சொன்னது. அதற்கும் இடம் வேண்டும். சரி என்று, மிகப் பழைய கர்னலின் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை என் ஹோம் ஃபோல்டருக்கு நகர்த்தினேன். அழிக்காதீர்கள், நகர்த்துங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் கோப்பைத் தொடவே கூடாது. எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் டிபிகேஜி (ஏபிடிக்கு அடியில் பொதிகளை நிறுவும் கருவி) மிச்ச வேலையை முடித்தது, கிரப்பைப் புதுப்பித்தேன், 6.1 ஏறிவிட்டது. பழைய கர்னல்களில் இரண்டை நீக்கினேன். ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

அப்பாவின் படங்கள் இப்போது வெளி டிஸ்குக்கு நகலாகிக்கொண்டிருக்கின்றன. இன்னும் 40 நிமிடம் காட்டுகிறது.