குழலில் சட்ஜம் நிற்கத் தொடங்கியது

தைப்பொங்கலை ஒட்டி ஐந்து கட்டைப் புல்லாங்குழல் ஒன்று வாங்கினேன் (கட்டை என்பது சுருதியின் அளவு). மேல் இரண்டு துளைகளை மூடிக்கொண்டு ஊதினால் சட்ஜம், அதாவது 'ச' என்ற அடிப்படைச் சுரம், வர வேண்டும். மாசி முழுவதும் வெறும் காற்றுதான் வந்தது. பங்குனியில் இடையிடையே ஏதோ கீச்சிட்டது. சித்திரைப் புத்தாண்டு கழிந்த பிறகு சட்ஜம் வந்தது. இப்போது ஒரு மூச்சு முழுவதும் ஆடாமல் நிற்கிறது. கைபேசியில் சுருதிப் பெட்டியை ஓடவிட்டு ஊதினால், இரண்டும் ஒன்றாகச் சேரும் இடம் காதுக்குத் தெரிகிறது. இதை எழுதக் காரணம், நான் விசாரித்தவர்கள் அத்தனை பேரும் "ஊத ஊத வரும்" என்ற ஒரே பதிலைச் சொன்னதுதான். ஊத ஊத எனக்கு வந்தது தலைச்சுற்று.

புல்லாங்குழலில் காற்றைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. உதட்டை அகலத் திறந்து ஊதினால் நுரையீரல் சில வினாடிகளில் காலியாகிவிடும். உடனே இன்னொரு பெருமூச்சு, மீண்டும் காலி. இப்படியே தொடர்ந்தால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். கண் இருட்டிக்கொண்டு வரும். ஆகவே புதிதாகப் பழகுகிறவர்கள் உட்கார்ந்து ஊதுவது நல்லது. தலை சுற்றினால் குழலை வைத்துவிட்டு ஒரு தேநீர் குடித்து வரலாம். குழல் எங்கும் ஓடிவிடாது.

எங்கள் வீட்டில் என் மானத்தை வாங்கியது மகளின் ரெக்கோடர். பாடசாலையில் மேலைத்தேய சங்கீதப் பாடத்துக்காக வாங்கிய பிளாஸ்டிக் குழல். வாயில் வைத்து ஊதியதும் சத்தம் வருகிறது. "அப்பா, இதை ஊதிப் பாருங்கள், உங்களுக்கும் வரும்" என்று பெருந்தன்மையோடு நீட்டினாள். வந்தது. அதன் வாய்ப்பகுதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. உள்ளே ஒரு சிறிய வாய்க்கால் இருக்கிறது. யார் எப்படி ஊதினாலும் அது காற்றைத் தட்டையாக்கி, எதிரே இருக்கும் கூரிய விளிம்பின் மேல் கொண்டுபோய் விடுகிறது. திருவிழாக் கடைகளில் விற்கும் விளையாட்டுக் குழல்களும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான். புல்லாங்குழலில் அந்த வாய்க்கால் கிடையாது. அதை நம் உதட்டாலேயே கட்ட வேண்டும். பழகுகிறவன் படும் பாடெல்லாம் இங்கேதான்.

பம்பலப்பிட்டியில் எனக்குக் கற்றுத்தரும் சேர் முதல் வகுப்பிலேயே குழலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வெற்றுச் சோடாப் போத்தலைக் கையில் கொடுத்தார். கீழுதட்டைப் போத்தலின் வாயோடு ஒட்டி, எதிர் விளிம்பைப் பார்த்து ஊதச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கப்பல் ஊதுவது போன்ற ஒரு முழக்கம் கேட்டது. பிறகு அதில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றினார். உள்ளே காற்றுக்கு இடம் குறைந்ததால் சத்தம் ஏறியது. சத்தம் போடுவது போத்தல் அல்ல, அதற்குள் இருக்கும் காற்று என்பதைப் பாடம் எடுக்காமலே காட்டிவிட்டார்.

குழலிலும் நடப்பது இதுதான். உதட்டிலிருந்து புறப்படும் மெல்லிய காற்றோட்டம் ஊதும் துளையின் எதிர் விளிம்பில் மோதி, ஒருகணம் உள்ளேயும் ஒருகணம் வெளியேயும் மாறிமாறிச் சாய்கிறது. அந்த ஆட்டத்துக்குக் குழலுக்குள் இருக்கும் காற்று ஒத்துப் போனால் சத்தம் பிறக்கிறது. காற்று முழுவதும் உள்ளே போனாலும் ஊமை, முழுவதும் வெளியே போனாலும் ஊமை. நான் ஊதியதெல்லாம் உள்ளேயே போய்க்கொண்டிருந்தது.

"பலமாக ஊதாதீர்கள் தம்பி. நாக்கு நுனியில் ஒட்டிய தேயிலைத் தூளைத் துப்புகிற மாதிரி ஊதுங்கள்" என்றார் சேர். தேநீர் குடிக்கும் நாட்டில் இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை. கண்ணாடி முன் நின்று பார்த்தேன். துப்பும்போது உதட்டின் நடுவில் நெல்மணி அளவுக்கு மட்டும் ஒரு இடைவெளி விழுகிறது, கன்னம் உப்புவதில்லை, வாயோரங்கள் தாமாகவே இறுகுகின்றன. அந்த நிலையிலேயே குழலை உதட்டில் வைத்து, துளையின் மூன்றில் ஒரு பங்கு கீழுதட்டால் மறையும்படி பொருத்தி, மெதுவாக ஊதிக்கொண்டே குழலை உள்ளும் புறமும் சிறிது சிறிதாக உருட்டச் சொன்னார். எங்கோ ஓரிடத்தில் வெறும் இரைச்சல் இருந்தாற்போல் சத்தமாக மாறும். அந்த இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதே முதல் மாதத்தின் முழு வேலை. குழலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தால் அது காணாமல் போயிருக்கும். ஆகவே நான் சுரம் எதையும் தொடவில்லை. எடுப்பது, பொருத்துவது, ஊதுவது, கீழே வைப்பது; மறுபடி எடுப்பது.

கொழும்புக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது. ஆனால் மின்விசிறிக் காற்று குறுக்கே பட்டால் உதட்டிலிருந்து போகும் மெல்லிய காற்றோட்டம் விளிம்பைச் சேருவதற்குள் விலகிவிடும். நிறுத்தினால் வியர்த்து, கீழுதட்டில் குழல் வழுக்கும். பக்கத்தில் ஒரு கைக்குட்டை வைத்துக்கொண்டு வியர்வையையே தேர்ந்தெடுத்தேன். மாலையில் மரைன் டிரைவ் பக்கம் போய்க் கடலைப் பார்த்து வாசிக்கலாம் என்று கனவு காண்பவர்களுக்கும் இதே பதில்தான். கடற்காற்று குழலை வாசிக்க விடாது, கோட்டைக்குப் போகும் ரயில் வாசித்ததைக் கேட்க விடாது.

இடையில் மற்ற வாத்தியங்களையும் தொட்டுப் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கும் ஐயா ஒருவர், பூசை முடிந்த நேரத்தில், தாம் பாவிக்காத பழைய சீவாளி ஒன்றை, அதாவது வாத்தியத்தின் வாயில் செருகி ஊதும் நாணல் துண்டை, நனைத்துத் தந்தார். "பல் படக்கூடாது. உதட்டால் மட்டும் பிடியுங்கள். முதலில் இதை மட்டும் ஊதுங்கள், வாத்தியம் பிறகு" என்றார். நாணல் தட்டைகள் இரண்டும் உதட்டின் அழுத்தத்தில் சற்று நெருங்கினால்தான் துடிக்கும். தளர்த்தினால் காற்று சும்மா போகிறது. இறுக்கினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு வாயை அடைத்துவிடுகின்றன. எனக்கு ஒரு 'பீ' வந்தது, கோயில் புறாக்கள் எழுந்து பறந்தன. ஐயா சிரிக்கவில்லை, அது அவருடைய பண்பு. புல்லாங்குழலில் மூச்சு போதவில்லை என்று தவித்த எனக்கு இங்கே நேர்மாறான அனுபவம்: உள்ளே மூச்சு நிறைய இருந்தும் அதைத் தள்ள வயிற்றில் பலம் இல்லை. மாசியில் கங்காராம விகாரையின் நவம் பெரஹர ஊர்வலத்தில் ஹொரணேவ என்ற சிங்களக் குழல் வாத்தியத்தை ஊதியவரின் கன்னங்களைப் பார்த்து வியந்திருந்தேன். அதுவும் சீவாளி வைத்து ஊதும் இனம்தான். வியப்புக்குக் காரணம் இப்போது உடம்புக்கே தெரிந்தது.

சங்கையும் அதே கோயிலில் முயன்றேன். அதில் விளிம்பும் இல்லை, நாணலும் இல்லை. மூடிய உதடுகள்தான் துடிக்க வேண்டும். டிரம்பெட்டும் இந்தச் சாதிதான். உதட்டைச் சேர்த்து வைத்து அதிரவிடத் தெரிந்தவருக்குச் சங்கு உடனே பேசும். எனக்குப் பேசவில்லை.

மூன்றையும் ஊதிப் பார்த்த பிறகு என் முடிவு இது: பழகத் தொடங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு ஊத வேண்டும் என்பதை அல்ல, இந்த வாத்தியத்தில் துடிக்க வேண்டியது எது என்பதை. குழலில் காற்றே துடிக்கிறது, ஆகவே உதடு அசையாமல் வழிவிட வேண்டும். நாதஸ்வரத்தில் நாணல், சங்கில் உதடு. இது தெரியாமல் ஒன்றில் பழகிய உதட்டோடு இன்னொன்றுக்குப் போனால் அங்கே எதுவும் வராது. சங்கை ஊதிவிட்டு வந்த அன்று என் குழலும் ஊமையாகத்தான் இருந்தது.

இப்போது பஞ்சமத்தில், அதாவது 'ப' சுரத்தில், நிற்கிறேன். மந்தர (கீழ் ஸ்தாயி) பஞ்சமத்துக்கும் மத்திய (நடு ஸ்தாயி) பஞ்சமத்துக்கும் விரல்கள் ஒன்றேதான். உதட்டின் இடைவெளியைக் குறுக்கிக் காற்றை வேகமாக்கினால் அது விளிம்பை விரைவில் எட்டி, சத்தம் ஒரு ஸ்தாயி மேலே தாவுகிறது. எனக்கு அது நினைத்த நேரத்தில் தாவுவதில்லை, நினைக்காத நேரத்தில் தாவுகிறது. கீழ்ப் பஞ்சமத்தில் மோதிர விரல் ஒரு மயிரிழை விலகினாலும் எல்லாம் உடைந்துவிடுகிறது. துளையை விரல் நுனியால் அல்லாமல் சதைப்பற்றான பகுதியால் மூடச் சொல்லியிருக்கிறார் சேர்.

இன்னொன்று: ஊதத் தொடங்கியபோது சேர்ந்திருந்த சுருதி கொஞ்ச நேரத்தில் மேலே ஏறிவிடுகிறது. குழல் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். மூச்சின் சூட்டில் குழலுக்குள் காற்று சூடாகிறது. ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 0.6 மீற்றர் கூடுகிறது, அதோடு சுருதியும் ஏறுகிறது. சுருதி பார்ப்பதற்கு முன் விரல்களால் துளைகளை மூடிக்கொண்டு சத்தமின்றிச் சூடான மூச்சைக் குழலுக்குள் விட்டுக்கொள்கிறேன். மேல்வீட்டு அன்ரிக்கு அந்த ஒரு பகுதிதான் பிடித்திருக்கிறதாம்.