கம்பியை அழிக்கிறேன் என்று புலியை அழித்துவிடாதீர்கள்

மிருகக்காட்சி சாலைப் படத்தில் குறுக்கே கம்பி விழுந்திருந்தால் கை நேராகப் போட்டோஷாப்பின் குளோன் ஸ்டாம்புக்குத்தான் (ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் ஒட்டும் கருவி) போகிறது. பல படங்களில் அது தேவையே இல்லை.

கம்பி படத்தில் இரண்டு விதமாக விழும். ஒன்று, கோடு கோடாகத் தெளிவாகத் தெரியும் கம்பி. அதன் பின்னால் இருந்த ரோமம் ஃபைலில் கிடையாது. இன்னொன்று, கம்பி கரைந்துபோய்ப் புகை படிந்த பட்டை மாதிரி நிற்பது. அந்தப் பட்டைக்குள் ரோமம், வரி, புள்ளி எல்லாம் பத்திரமாக இருக்கும். வெளுத்தோ கறுத்தோ போயிருக்கும், அவ்வளவுதான். முன்னதை நிரப்ப வேண்டும். பின்னதை மீட்டாலே போதும். இருக்கிற ரோமத்தின்மேல் வேறு இடத்து ரோமத்தை ஒட்டுவது வீண் வேலை.

ஏன் இந்த வித்தியாசம்? கணக்கு எளிது. 200 மி.மீ. லென்ஸை எஃப்/4-இல் (அதாவது 200-ஐ 4-ஆல் வகுத்த அளவுக்கு) திறந்தால் ஒளி நுழையும் வட்டத்தின் விட்டம் 50 மி.மீ. லென்ஸை ஒட்டி நிற்கும் 3 மி.மீ. கம்பி அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட மறைக்காது. அதே லென்ஸை எஃப்/16-க்குக் குறைத்தால் வட்டம் 12.5 மி.மீ. ஆகிவிடும், கம்பி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மறைக்கும். செல்போன் லென்ஸின் திறப்போ சில மில்லிமீட்டர்தான். கம்பி நேர் முன்னால் வந்தால் மொத்தமும் மறைந்துபோகும். ஆனால் அந்தச் சின்ன லென்ஸை வலைக்கண்ணுக்குள் நேராக வைத்துவிடலாம், அது செல்போனுக்குள்ள வசதி. பெரிய லென்ஸ் என்றால் முழுத் திறப்பு, வலையை ஒட்டி லென்ஸ், வலையை விட்டுத் தள்ளி மிருகம். இந்த மூன்றும் அமைந்தால் எடிட்டிங் வேலை வெகுவாகக் குறையும். நிழலில் இருக்கும் கம்பியாகப் பார்த்து நில்லுங்கள். வெயில் பட்ட கம்பி ஒளியை மறைப்பதோடு தன் ஒளியையும் படத்தில் கொட்டும்.

முதலில் மங்கல் பட்டை. ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் பதிவு) இருந்தால் நல்லது. ஜேபெக்கில் இழுத்தால் சீக்கிரம் திட்டுத்திட்டாகும். பட்டையின் அகலத்துக்கே மென்மையான பிரஷ் வைத்து, ஹார்ட்னெஸ் (விளிம்பின் கடினம்) பூஜ்யத்தில், அதன் வழியே ஒரு மாஸ்க் (திருத்தம் எங்கே மட்டும் பட வேண்டும் என்று குறிப்பது) தீட்டுங்கள். கருத்த பட்டை என்றால் எக்ஸ்போஷரைக் கால் ஸ்டாப் கால் ஸ்டாப்பாக (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு) ஏற்றினால் போதும். வெளுத்த பட்டை என்றால் எக்ஸ்போஷரைத் தொடாதீர்கள். அங்கே போயிருப்பது வெளிச்சமல்ல, கான்ட்ராஸ்ட். பிளாக்ஸை (கருமையின் அளவு) கீழே இறக்கி, டீஹேஸை (மூட்டம் நீக்கும் அளவு) கொஞ்சம் ஏற்றினால் ரோமம் எழுந்து வரும். பச்சை பூசிய வலையாக இருந்தால் பட்டைக்குள் பச்சைச் சாயம் ஏறியிருக்கும். அதே மாஸ்க்கில் டின்ட்டை (பச்சை–மெஜந்தா நிறச் சமன்) மெஜந்தா பக்கம் நகர்த்துங்கள். சரிக்குச் சரி ஆனதும் நிறுத்துங்கள். ஒரு இழுப்பு அதிகமானால் கருத்த பட்டை வெளுத்த பட்டையாக மாறும்.

இனித் தெளிவான கம்பி. காலி லேயர் (படத்தின்மேல் போடும் தனி அடுக்கு) ஒன்று திறந்து, சாம்பிள் ‘கரன்ட் அண்ட் பிலோ’ (ஸ்பாட் ஹீலிங்கில் ‘சாம்பிள் ஆல் லேயர்ஸ்’) என்று வைத்து அதில் மட்டும் வேலை செய்யுங்கள். பின்னணி முதலில், உடம்பு அடுத்து, முகம் கடைசி. நேர்க்கம்பி என்றால் ஸ்பாட் ஹீலிங்கில் ஒரு முனையில் கிளிக், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு மறுமுனையில் கிளிக். முழு நீளமும் ஒரே கோட்டில் போகும். பிரஷ் கம்பியைவிட இரண்டு மூன்று பிக்சல் அகலமாக இருக்கட்டும். ஹீலிங் தன் ஓரத்தில் இருக்கும் நிறத்தை உள்ளே இழுத்துக் கலக்கும் கருவி. கம்பியின் ஒரு நூல் வெளியே மிச்சமிருந்தால் அந்தக் கறுப்பு உள்ளே வழிந்து அழுக்குக் கறையாகும். உடம்பும் பின்னணியும் சேரும் விளிம்பிலும் இதே தொல்லைதான். அங்கே முதலில் குளோன் ஸ்டாம்பால் ஒரு விரற்கடை இடத்தைத் துண்டித்துவிட்டு, அப்புறம் இரண்டு பக்கமும் ஹீலிங் போடுங்கள்.

சுற்றியுள்ளதைப் பார்த்துத் தானே இடத்தை நிரப்பும் கன்டென்ட் அவேர் ஃபில் 2010-இல் போட்டோஷாப் சிஎஸ்5-இல் வந்தது. மங்கிய இலை, புல், மண்ணுக்கு இன்றைக்கும் அது போதும். மாதிரி எடுக்கும் பகுதியிலிருந்து மிருகத்தை நீக்கிவிட்டு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் புல்லில் காது முளைக்கும். இலவச எடிட்டரான ஜிம்ப்பில் ரீசிந்தசைசர் பிளகின் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும். நிரப்பிய இடம் வழவழவென்று தெரிந்தால் சுற்றியுள்ள நாய்ஸுக்கு (மணல் போன்ற புள்ளிகள்) ஈடாகக் கொஞ்சம் கிரெய்ன் (செயற்கைப் புள்ளி) சேர்க்க வேண்டும்.

நேரம் பிடிப்பது உடம்புதான். ரோமம் ஓடும் திசை ஒரு சாண் தூரத்துக்குள் மாறிவிடும். கழுத்தில் கீழ்நோக்கி, தோளில் பின்னோக்கி. எனவே கம்பிக்கு உடனே பக்கத்திலிருந்து, அதே திசையில், சின்னச் சின்னத் தீற்றலாக எடுங்கள். நாலைந்து தீற்றலுக்கு ஒருமுறை மூல இடத்தை மாற்றாவிட்டால் ஒரே மயிர்க்கற்றை அணிவகுத்து நிற்கும். வரியுள்ள மிருகத்தில் முதலில் வரிகளை மட்டும் கம்பியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒவ்வொன்றாகப் பாலம் கட்டுங்கள். இடையிலுள்ள நிறத்தைப் பிறகு நிரப்பலாம். இடது விலாவில் இல்லாததை வலது விலாவிலிருந்து புரட்டி ஒட்டும் குறுக்குவழி புலிக்கு ஆகாது. இரண்டு பக்கத்து வரியும் ஒன்றாக இருக்காது, ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கும் இருக்காது. ஆய்வாளர்கள் ஒவ்வொரு புலியையும் அடையாளம் காண்பதே வரியை வைத்துத்தான்.

மீசை மயிர் பாதியில் அறுந்து நின்றால் இரண்டே வழி. இரண்டு பிக்சல் பிரஷ்ஷால் நுனி மெலியும்படி முழுவதும் வரையுங்கள், அல்லது வேரோடு எடுத்துவிடுங்கள். அந்தரத்தில் தொங்கும் பாதி மயிர்தான் உடனே கண்ணில் குத்தும்.

கண்ணின்மேல் கம்பி விழுந்த படத்தை விட்டுவிடுங்கள் என்பேன். ஒரே ஒரு விதிவிலக்கு: மிருகம் அசையாமல் கிடந்தபோது நீங்கள் இரண்டு அங்குலம் நகர்ந்து எடுத்த இன்னொரு பிரேம் இருந்தால். இரண்டையும் அடுக்கி, ஆட்டோ அலைன் (தானாகப் பொருத்துதல்) செய்து, மேல் லேயரில் கம்பியை மாஸ்க் பண்ணினால் கீழேயுள்ள நிஜக் கண் தெரியும். செயற்கை நுண்ணறிவால் நிரப்பும் ஜெனரேட்டிவ் ஃபில் இந்த இடத்தில் ஆபத்து. 2023-இல் வந்த இந்த வசதி பின்னணிக்கு அருமை; ஆனால் கண்ணைக் கேட்டால் தனக்குத் தோன்றியதை வரையும். புலி, சிங்கத்தின் கண்மணி வட்டம்; பூனைக்குப் போல நெட்டுக்குத்தாக வரைந்து தந்தால் தெரிந்தவர் ஒரே பார்வையில் சிரிப்பார். பின்னணியிலும் பெரிய பகுதியை ஒரேயடியாகக் கொடுக்காமல் துண்டு துண்டாகக் கொடுங்கள், கூர்மை குறையாது.

பெரும்பாலோர் மறப்பது கம்பியின் நிழலை. கம்பி போய்விட்டது, முதுகில் கட்டம் கட்டமாக நிழல் கிடக்கிறது! அதை நிரப்பத் தேவையில்லை. கர்வ்ஸில் (ஒரு கோட்டை வளைத்து ஒளியைத் திருத்தும் கருவி) பிரகாசம் ஏற்றி, கொஞ்சம் மஞ்சளும் சேருங்கள். வெயில் நேரத்து நிழலில் வானத்தின் நீலம் கலந்திருக்கும். கண்ணின் பளபளப்புக்குள் தெரியும் வலை, பின்னணி ஒளிவட்டங்களுக்குள் விழுந்த குறுக்குக்கோடு இவற்றையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

வனவிலங்குப் போட்டிக்கு அனுப்புவதானால் விதியை முதலில் படியுங்கள். அடைத்து வளர்க்கும் மிருகத்தையும், படத்திலிருந்து பொருளை நீக்குவதையும் பல போட்டிகள் ஏற்பதில்லை. மற்ற இடங்களில் போட்டாலும் மிருகக்காட்சி சாலையில் எடுத்தது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

முடித்ததும் படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்குங்கள். நூறு சதவீதத்தில் காணாமல் போன வலையின் கட்டம், லேசான ஒளி வேறுபாடாக அப்போது திரும்பத் தெரியும். எல்லா லேயருக்கும் மேலே செங்குத்தாக வளைத்த ஒரு கர்வ்ஸ் லேயரைத் தற்காலிகமாகப் போட்டால் மிச்சப் பட்டைகள் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். திருத்திவிட்டு, சேவ் செய்யும் முன் அந்த லேயரை எடுத்துவிடுங்கள்.