போனில் கணக்கு வீடியோ பார்க்கிற பிளஸ் டூ பிள்ளைகளுக்கு

பாடப்புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடை தீக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ கிடைக்கும். வேண்டியதை முதலில் டவுன்லோட் செய்துகொண்டு, ஃபிளைட் மோடில் போட்டுவிட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப் 'டிங்' சத்தமும் கிடையாது, அடுத்த வீடியோ இழுப்பதும் கிடையாது.

ஆனால் உண்மையான சிக்கல் கவனச்சிதறல் இல்லை, 'புரிஞ்சிடுச்சு' என்கிற நினைப்புதான். குவிலென்ஸ் கணக்கு ஒன்று: குவியத்தூரம் 20 செ.மீ., பொருள் 30 செ.மீ. தூரத்தில், பிம்பம் எவ்வளவு தூரத்தில் விழும்? வீடியோவில் பார்க்கும்போது தலை தானாக ஆடும். தாளில் போட்டால் பலர் u-வுக்கு (பொருளின் தூரத்துக்கு) மைனஸ் போட மறந்து 12 என்று விடை எழுதுவார்கள். சரியான விடை 60 செ.மீ. கையால் எழுதினால்தான் இந்த ஓட்டை தெரியும்.

அதனால் கேள்வி திரையில் வந்ததும் பாஸ் (pause) செய்து வீடியோவை நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் நீங்களே போடுங்கள். வரவில்லையா, ஒரு வரி மட்டும் ஓடவிட்டு மறுபடி பாஸ். 1.5 வேகமெல்லாம் தியரிக்கு ஓகே, கணக்குக்கு வேண்டவே வேண்டாம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குவிப்பதும் வீண். கேலரியில் போனது போனதுதான். மறுநாள் காலை போனைத் தொடாமல் அதே கணக்கை வெள்ளைத்தாளில் போட்டுப் பாருங்கள்.